மூத்தவர்கள் சொல்லக் கேட்டவை

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பொன்விழாவில் இளைஞர்கள் சார்பாக ஒருவர் பேச வேண்டும், "நமது எதிர்காலம்" என்ற தலைப்பில் பேசினால் நன்றாக இருக்கும் என்று செயற்குழுவில் சொன்னார்கள். நாங்கள் தலைப்பை மாற்றிக் கேட்டோம். எதிர்காலத்தைப் பற்றிப் பேச எல்லா மேடையிலும் ஆள் இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் நம் நடுவில் இன்னும் ஒரு சிலர்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள். அதற்கு நன்றி.

கடந்த நோன்பு மாதத்தில், தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு, கடை வைத்திருக்கும் நாங்கள் சிலர் மூத்தவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் பதிவும் செய்தோம். அதில் ஒன்றைக் கண்டுகொண்டோம். மெர்டேக்காவைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். "அப்ப ஒரு கட்டி சீனி என்ன விலை?" என்று கேட்டால் பேச்சு ஸஹர் நேரம் வரை போகும். அவர்கள் நினைவில் இருப்பது அன்றாடம்தான். அரிசி, கடன், மழை, கடிதம், மவுத்து வீடு, சம்பள நாள்.

எல்லாருடைய கதையையும் இங்கே சொல்ல நேரமில்லை. ஒருவர் சொன்னதை மட்டும் சொல்கிறோம். இந்த வட்டாரத்தில் அவரை எல்லாரும் பெரியத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பேரு போட்டா அது பெருமைப் பேச்சாயிரும். வேணாம் தம்பி." அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது.

அவர் இராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். 1952இல், பதினான்கு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை நம் மக்களை இங்கும் அங்கும் ஏற்றி இறக்கியது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலருடைய குடும்பத்தில் யாராவது ஒருவர் அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்திருப்பார். கடலைப் பற்றிக் கேட்டோம். "கடலை யாரு பாத்தா? வாந்திதான். பக்கத்துல ஒரு பெரியவரு யாசீன் ஓதிக்கிட்டே இருந்தாரு. இஞ்சிய உப்புல தொட்டுக் கொடுத்தாரு. எந்த ஊரு, என்ன பேரு, எதுவும் கேக்கல. போர்ட் சுவெட்டன்ஹாம்ல இறங்கினதும் ஆளக் காணோம்" என்றார். கிள்ளான் துறைமுகத்துக்கு அப்போது அதுதான் பெயர்.

அடுத்த ஆண்டே, 1953இல், புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு கடைப் பையனாகக் கப்பல் ஏறி வருவது எளிதாக இல்லை. ஓர் ஆண்டு தள்ளியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அவருடைய பேரப் பிள்ளைகள் இங்கே பிறந்திருக்கவும் மாட்டார்கள். நம்மில் எத்தனை குடும்பங்கள் இப்படி ஒரு மயிரிழையில் இந்த மண்ணுக்கு வந்தவை என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் வந்து சேர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், மாமா வைத்திருந்த மளிகைக் கடைக்கு. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அதிகாலையில் பெரட்டு. பிறகு பால்வெட்டு. மதியம் பால் நிறுத்து முடிந்ததும் தோட்டமே கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் இவர் சைக்கிளின் பின்னால் சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு லயம் போவார். அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு, தேங்காய் எண்ணெய், புகையிலை. கட்டிக்கு 16 தாயில் கணக்கு. ஒரு கட்டி என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 600 கிராம். எழுபதுகளில் கட்டி போய்க் கிலோ வந்தபோது, கூட்டிக் கழித்துப் பழகிய விரல்கள் ஒரு வருஷம் தடுமாறியதாகச் சொன்னார்.

அது அவசரகாலம். 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக அரிசி அளவோடுதான் விற்க வேண்டும். டின் பாலை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் நம் வெயிலுக்கு எத்தனை நேரம் தாங்கும்? "குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க நாலு வீடு சேந்து ஒரு டின்னு வாங்குவாங்க. அன்னிக்கே பங்கு போட்டுக் கரைச்சுக் குடுத்துருவாங்க. யாரு வீட்டுல எத்தன புள்ளைன்னு எனக்குப் பால் டின்னு கணக்குலதான் தெரியும்" என்றார்.

கடை நடந்தது கடனில்தான். மாத நடுவில் செலவுக்காசு, மாதம் முடிந்தால் சம்பளம். அதுவரை பற்று. கடையில் ஒரு புத்தகம், வீட்டில் ஒரு சின்னப் புத்தகம். இரண்டிலும் ஒரே கணக்கை எழுத வேண்டும். மாமா எழுதியது அரபுத்தமிழில். பெரியத்தா எழுதியது தமிழில். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகள் பல. இருந்தாலும் அந்தச் சின்னப் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருப்பார்களாம். கணக்கில் ஐந்து சென் கூடினால்கூட, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் கண்டுபிடித்துவிடுவானாம்.

மாமா அவருக்கு மூன்று விதி சொல்லிக் கொடுத்தார். தை, மாசியில் ரப்பர் இலை உதிரும் காலத்தில் பால் குறையும், கூலி குறையும். அப்போது பழைய பாக்கியைக் கேட்காதே. காலையில் மழை பெய்தால் மரம் ஈரம், வெட்டு கிடையாது. மழை மாதத்திலும் கேட்காதே. ஒரு வீட்டில் மவுத்து நடந்தால், அது எந்தச் சாதியாக இருந்தாலும் எந்த மதமாக இருந்தாலும், நாற்பது நாள் அந்தப் பக்கத்தைத் திறக்காதே. "அப்ப எப்பத்தான் கேட்பீங்க?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். பெரியத்தா சிரித்தார். "கேட்டா கடைய அடைக்கணும், கேக்காட்டியும் அடைக்கணும். நடுவுல ஒரு வழியிருக்கு. அதுதான் யாவாரம்."

இந்த வட்டாரத்தின் இன்னொரு வரலாற்றையும் அவர் வாயால்தான் சரியாகப் புரிந்துகொண்டோம். நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டம்தான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். 1917இல் அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த நாட்டுத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பெரியத்தாவுக்கு அந்த நாவல் தெரியாது. தோட்டம் தெரியும். "பேரு தென்னமரம். நின்னது செம்பனை. நம்ம பொழப்ப மாத்தினதும் அந்தச் செம்பனைதான்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இது. ரப்பர் மரத்தை அடிக்கடி வெட்ட வேண்டும். அதற்குக் குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டும். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட நட, சம்பள நாளில் வரிசையில் நிற்பவர்கள் குறைந்தார்கள். ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் சில தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். பிறகு பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். லயங்கள் காலியாயின. ஆள் இல்லாத தோட்டத்துக்கு நடுவில் நம் கடைகள் நின்றன. "நம்ம ஆளுங்க யாவாரத்துல தோத்துட்டாங்க" என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். வாடிக்கையாளர் குடிபெயர்ந்தால் எந்தக் கடைதான் நிற்கும்?

போனவர்களில் சிலர் பாக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னார். கிள்ளானுக்குக் குடிபோன ஓர் அம்மா, ஏழெட்டு வருஷம் கழித்து, பேருந்து மாறி மாறி ஏறிக் கடைக்கு வந்தாராம். கையில் அந்தச் சின்னப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் 38 வெள்ளி பாக்கி. "எம் மவன் வேலைக்குப் போயிட்டான் பாய், கணக்க முடிச்சுக் குடுங்க" என்றாராம். கடையில் இருந்த பெரிய புத்தகத்தை அதற்குள் கரையான் தின்றுவிட்டது. பெரியத்தா காசை வாங்கிக்கொண்டு, அந்தச் சின்னப் புத்தகத்தில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். "வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றோம். "அவ்வளவு தூரம் வந்தது காசு குடுக்கவா? கடன் இல்லன்னு ஆகணும்னுதான வந்துச்சு. வாங்காம அனுப்பினா அந்தம்மாவ நான் கடனாளியாவே வச்சிருந்த மாதிரி" என்றார். நாங்கள் வணிகம் பற்றி எத்தனையோ பயிலரங்கில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பாடத்தை எந்தப் பயிலரங்கும் நடத்தவில்லை.

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, மாமா ஊருக்குப் போய்விட்டார். தோட்டத்தில் இருந்தும் பலர் கப்பல் ஏறினார்கள். பெரியத்தா பெர்மிட் எடுத்துக்கொண்டு கடையைப் பார்த்துக்கொண்டார். அவரிடம் இன்றும் சிவப்பு அடையாள அட்டைதான். எழுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருக்கிறார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீல அட்டை. "அப்பவே ஏன் எடுக்கல?" என்றோம். "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிருவோம்னுதான் ஒவ்வொரு ரெண்டு வருஷமும் நெனச்சேன்" என்றார். பிறகு மனுப் போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தேர்தல் நாளில் பேரனின் காரில் வாக்குச்சாவடி வரை போவார். வெளியில் நின்று எல்லாரிடமும் பேசிவிட்டுத் திரும்புவார். நம் சங்கத்தில் இன்னும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மனு எழுதவும் அலுவலகத்துக்கு உடன் போகவும் படித்த பிள்ளைகள் நம்மிடம் இப்போது நிறைய உண்டு.

இதுவரை பெரியத்தா. உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்த பெரியம்மா, "அவரு சொல்றதெல்லாம் கடைக்கணக்கு. எங்கணக்க யாரும் கேக்கல" என்றார்கள். கேட்டோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணம். மூன்றாம் மாதம் மாப்பிள்ளை சபர் கிளம்பிவிட்டார். நாலு வருஷம் கழித்து வந்தபோது, மூத்த பிள்ளை அவரைப் பார்த்து "மாமா" என்றதாம். கடிதம் வரும். பக்கத்து வீட்டுப் பையன்தான் படித்துக் காட்டுவான். பதிலும் அவன்தான் எழுதுவான். "பத்து வயசுப் பையன்கிட்ட மனசுல உள்ளத எப்படிச் சொல்லி எழுதச் சொல்றது? ஆட்டுக்குட்டி போட்டிருக்கு, ஓடு மாத்தியாச்சு, மாமிக்கு இருமல், இவ்வளவுதான் எழுதச் சொல்லுவேன்." பன்னிரண்டு ஆண்டு மணவாழ்வில் சேர்ந்து இருந்தது ஒன்றரை ஆண்டுகூட இருக்காது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார்கள்.

1974இல் பிள்ளைகளோடு சிதம்பரம் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். மீன் சந்தையில் நின்று மலாய் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வந்த காலத்தில் இந்தச் சங்கம் சிறு குழந்தை. நோன்புக் கஞ்சிக்குச் சமையல்காரர் கிடையாது. மூன்று வீட்டுப் பெண்கள் விறகு அடுப்பில் காய்ச்சி, பெரிய வாளிகளில் அனுப்பினார்கள். இந்த மலருக்காகப் பழைய அறிக்கைகளைப் புரட்டினோம். கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர் பெயர் இருக்கிறது. தேங்காய் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. காய்ச்சியவர்கள் பெயர் இல்லை. தலைவர்கள் படம் அத்தனையும் இருக்கிறது. அந்த மூன்று வீட்டில் ஒரு படமும் இல்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கால வழக்கம் அது. ஆனால் இரண்டு பேர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால் அடுத்த மலரில் அவர்கள் பெயர் வர வேண்டும்.

பெரியத்தாவின் இன்றைய நாள் எப்படிப் போகிறது என்றும் கேட்டோம். ஸுப்ஹு தொழுதுவிட்டுச் சீனி இல்லாத தேநீர். அறுபது ஆண்டுக்கு மேல் தமிழ் நேசன் படித்தவர். 2019இல் அந்தப் பத்திரிகை நின்றபோது, ஒரு வாரம் அஞ்சடியில் போய்ப் பத்திரிகைப் பையனுக்காகச் சும்மா நின்றாராம். இப்போது வேறு பத்திரிகை. மின்னல் எஃப்.எம். கேட்பார். நாகூர் ஹனீபா பாட்டு வந்தால் ஒலியைக் கூட்டுவார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிவாசல் பூட்டப்பட்டபோது, வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கூட ஜும்ஆ தொழுத ஜமாஅத்தில் ஐந்து பேர், பள்ளி திறப்பதற்குள் போய்விட்டார்கள்.

அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். நம் வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். பள்ளிக்கூடம், சம்பந்தம், வேலை எல்லாம் அப்படி அமைந்துவிட்டது. ஆனால் அவருடைய பேத்தி ஒருத்தி மட்டும் எங்கள் பதிவைக் கூடவே உட்கார்ந்து கேட்டாள். நடுநடுவே "கட்டின்னா என்ன? பெரட்டுன்னா என்ன?" என்று கேட்டாள். அவர் அவளுக்காகத் திரும்ப முதலிலிருந்து சொன்னார். எங்களிடம் சொல்லாததையும் அவளிடம் சொன்னார். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேசும் அளவுக்காவது நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும், தம் சொந்த நன்னாவின் பேச்சைப் புரிந்துகொள்வதற்காக வேண்டும்.

ஊரில் அடக்கமாக வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. இப்போது இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் போய் வந்தார். வீடு கைமாறிவிட்டது. தெருவில் தெரிந்த முகம் இல்லை. "இங்க கபுருஸ்தானுக்குப் போனா எல்லாருமே தெரிஞ்சவங்க. ஸலாம் சொல்லிட்டே போகலாம். நான் எந்த ஊருக்காரன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார்.

கடைசி நாள் விடைபெறும்போது, "உங்கள் கதையை எல்லாம் எழுதி வைக்கிறோம்" என்று சொன்னோம். அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார். "எங்கதையக் கேட்டது சரி. ஒங்க கடையில நிக்கிறானே பையன், அவன் எந்த ஊரு? அவனுக்குப் புள்ள எத்தன?"

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னால் வைக்க விரும்புகிறோம். இன்றும் நம் உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் வேலை செய்பவர்கள் அதே இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பங்களாதேஷில் இருந்தும் வருகிறார்கள். கப்பலுக்குப் பதில் விமானம், கடிதத்துக்குப் பதில் வீடியோ அழைப்பு. மற்றபடி அதே சபர், அதே பெர்மிட், அதே பிரிவு. தன்னைப் பார்த்து "மாமா" என்று சொல்லும் பிள்ளையைத் திரையில் பார்த்துவிட்டு வந்து நமக்குத் தேநீர் ஆற்றுகிறவர்கள் அவர்கள். பெரியத்தாவின் அருமை நமக்குப் புரிந்ததா என்பது, மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் தெரியாது. நம் கடையில் நிற்பவருக்குச் சம்பளம் நாள் தவறாமல் போகிறதா, பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கிறதா, ஊரில் மவுத்து என்றால் மறுநாளே டிக்கெட் போட்டு அனுப்புகிறோமா என்பதில்தான் தெரியும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, ஒரு மூத்தவரோடோ ஒரு தாயாரோடோ உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஒவ்வொரு பதிவிலும் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் உடன் இருக்க வேண்டும். இரண்டு, பழைய பற்றுப் புத்தகம், கடிதம், கப்பல் டிக்கெட், படம் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கரையான் தின்னும் முன் எங்களுக்குச் சொல்லுங்கள். வந்து படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். மூன்று, நம் கடைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் இந்தச் சங்கத்தின் நோன்பு திறப்புக்கும் பெருநாள் விருந்துக்கும் பரிமாற அல்ல, விருந்தாளியாக அழைக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தி மறைந்தவர்களின் கபுருகளை அல்லாஹ் ஒளியாக்குவானாக. இருக்கிற மூத்தவர்களுக்கு ஆரோக்கியமான நீண்ட ஆயுளைத் தருவானாக. அவர்கள் பேச, நாம் உட்கார்ந்து கேட்கும் பொறுமையையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.